டாப்ளர் திரையில் நலமான புரோஸ்டேட்



புரோஸ்டேட் என்றதும் வீக்கம், புற்றுநோய் என்ற இரண்டுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்த இரண்டும் இல்லாத புரோஸ்டேட். அதற்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது, அந்த ஓட்டத்தை ஒலியால் எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் பேச்சு. பாடநூல்களில் நோயுற்ற சுரப்பிக்கு ஐம்பது பக்கம் இருக்கும், நலமான சுரப்பிக்கு ஒரு பக்கம் இருந்தால் அதிகம். ஆனால் ஸ்கேன் அறையில் எங்களுக்கு வரும் சிக்கல்களில் பாதி அந்த ஒரு பக்கத்தைச் சரியாகப் படிக்காததால் வருபவை. "இரத்த ஓட்டம் அதிகமாகக் காணப்படுகிறது" என்று ஒரு ரிப்போர்ட் சொல்கிறது. எதைவிட அதிகம்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் சுரப்பி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், இடுப்பின் முன்னெலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இளைஞரிடம் அதன் எடை சுமார் 20 கிராம். அகலம் 4 சென்டிமீட்டர், மற்ற இரண்டு அளவுகளும் சுமார் 3 சென்டிமீட்டர். சிறுநீர் வெளியேறும் குழாய் அதன் நடுவே புகுந்து வருகிறது. விந்துத் திரவத்தில் ஒரு பங்கைச் சுரப்பது இதன் வேலை. அமெரிக்க நோய்க்குறியியலாளர் ஜான் மெக்நீல் இதை மண்டலங்களாகப் பிரித்துக் காட்டினார். இளம் வயதில் சுரப்புத் திசுவில் 70 சதவீதம் வெளி மண்டலம், 25 சதவீதம் நடு மண்டலம், சிறுநீர்க் குழாயை ஒட்டிய இடை மண்டலம் 5 சதவீதம்தான். முதுமையில் வீங்கி இரவில் நாலைந்து முறை எழுப்பிவிடுவது இந்த 5 சதவீதம். புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது வெளி மண்டலத்தில். இந்த மண்டலங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், இரத்தக் குழாய்களின் வரைபடம் தானே விளங்கும்.

அந்த வரைபடத்தை அல்ட்ராசவுண்ட் கண்டுபிடிக்கவில்லை. இறந்த உடல்களின் தமனிகளுக்குள் மருந்தேற்றிப் பார்த்த உடற்கூறியலாளர்கள் முன்பே வரைந்துவிட்டார்கள். 1937-இல் அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர் ஃப்ளாக்ஸ் எழுதிய கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறோம். இடுப்பின் உள் தமனியிலிருந்து பிரிந்து சிறுநீர்ப்பையின் அடிப்புறம் நோக்கி வரும் ஒரு கிளைதான் பெரும்பாலும் புரோஸ்டேட்டுக்கு இரத்தம் தருகிறது. அதன் தடிமன் 1 அல்லது 2 மில்லிமீட்டர். சுரப்பியை நெருங்கியதும் அது இரண்டு கூட்டமாகப் பிரிகிறது. ஒரு கூட்டம் சிறுநீர்ப்பையின் கழுத்தருகே உள்ளே நுழைந்து, சிறுநீர்க் குழாயை ஒட்டியே கீழிறங்கி, இடை மண்டலத்துக்குச் செல்கிறது. வீங்கிய பகுதியைக் குழாய் வழியே சுரண்டி எடுக்கும் அறுவையில் மருத்துவர் முதலில் கட்டுப்படுத்தத் தேடுவது இந்தத் தமனிகளைத்தான். கடிகார முகப்பை நினைத்துக்கொள்ளுங்கள், 5 மணியும் 7 மணியும் அவற்றின் முக்கிய இடங்கள். இன்னொரு கூட்டம் சுரப்பியின் வெளியுறையை ஒட்டி, பின்பக்க ஓரங்களில் ஓடுகிறது. அங்கிருந்து சிறு கிளைகள் உறையைச் செங்குத்தாகத் துளைத்து உள்ளே போகின்றன.

இந்தப் பின்பக்க ஓரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண்குறி விறைப்புக்கான நரம்புகள் அந்த ஓரத்தில், அதே இரத்தக் குழாய்களோடு சேர்ந்து ஓடுகின்றன. 1980-களுக்கு முன்பு புரோஸ்டேட்டை முழுவதுமாக அகற்றினால் ஆண்மை போவது ஏறக்குறைய உறுதி என்றிருந்தது. நரம்புகள் சுரப்பியின் ஊடாகப் போகின்றன என்று பலர் நினைத்திருந்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பேட்ரிக் வால்ஷ் 1981-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பீட்டர் டோங்கர் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியரைச் சந்தித்தார். இறந்து பிறந்த ஆண் குழந்தையின் உடலில் அந்த நரம்புகளை டோங்கர் பொறுமையாகப் பிரித்துக் காட்டினார். அவை சுரப்பிக்கு வெளியே இருந்தன. வயது வந்தவரின் அறுவையில் அந்த மெல்லிய நரம்புகள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கூட ஓடும் இரத்தக் குழாய்கள் தெரியும். அவற்றையே அடையாளமாகக் கொண்டு நரம்பைக் காப்பாற்றலாம் என்று வால்ஷ் கண்டார். 1982 ஏப்ரலில் அந்த முறையில் முதல் அறுவையைச் செய்தார். அல்ட்ராசவுண்டிலும் இதே நிலைதான். நரம்பை நான் பார்ப்பதில்லை. 5 மணி, 7 மணி இடங்களில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் வண்ணம் மின்னுவதைப் பார்த்து, நரம்பு இங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். நலமான ஒருவரிடம் சுரப்பியைச் சுற்றி மிகுந்த வண்ணம் தெரியும் இடங்களில் இவையும் சேரும். இதைப் பார்த்துப் பதறிய இளம் மருத்துவர்கள் உண்டு.

சிரைகளின் கதை வேறு. சுரப்பிக்கு முன்னால், எலும்புக்கு அடியில், ஒரு பெரிய சிரைப் பின்னல் இருக்கிறது. வெனிஸைச் சேர்ந்த சாண்டோரினி 1724-இல் அதை விவரித்தார், இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. அறுவை மருத்துவர்கள் இந்தச் சுரப்பியைத் தொடவே அஞ்சியதற்கு இந்தப் பின்னலும் ஒரு காரணம், வெட்டினால் இரத்தம் அடங்காது. இந்தச் சிரைகள் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளோடு இணைந்திருக்கின்றன. அந்த முதுகுச் சிரைகளில் வால்வு கிடையாது. இரத்தம் எந்தப் பக்கமும் போகலாம். 1940-இல் பென்சில்வேனியாவில் ஆஸ்கர் பேட்சன், இறந்த உடலின் ஆண்குறிச் சிரையில் சாயம் செலுத்தியபோது அது முதுகெலும்புச் சிரைகளுக்குப் போய்ச் சேர்ந்ததைக் காட்டினார். புரோஸ்டேட் புற்று ஏன் முதுகெலும்பை நாடுகிறது என்பதற்கு அதுவரை கிடைக்காத ஒரு விளக்கம் கிடைத்தது. நலமானவரிடமும் ஒரு இருமல், ஒரு முக்கல் போதும், வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும், சிரையோட்டம் தயங்கும். பரிசோதனையின்போது "இருமாதீங்க, சாதாரணமா மூச்சு விடுங்க" என்று சொல்வது மரியாதைக்காக இல்லை.

இனி ஒலிக்கு வருவோம். கிறிஸ்டியன் டாப்ளர் 1842 மே மாதம் பிராக் நகரில் ஒரு கட்டுரை வாசித்தார். இரட்டை விண்மீன்களின் நிறம் அவை நம்மை நோக்கியோ விலகியோ நகர்வதால் மாறுகிறது என்றார். விண்மீன் நிறத்துக்கு அவர் சொன்ன காரணம் தவறு, கொள்கை சரி. அறிவியலில் இப்படியும் நடக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தின் பைஸ் பாலட் அதைச் சோதிக்க எண்ணி, ரயில் வண்டியில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி ஓடவிட்டார், தண்டவாளத்தின் ஓரத்தில் இசைக் காது உள்ளவர்களை நிறுத்தினார். வண்டி நெருங்கும்போது சுருதி ஏறியது, கடந்ததும் இறங்கியது. பனிக்காலத்தில் முதல் முயற்சி கெட்டது, கோடையில் முடிவு கிடைத்தது.

ஒசாகாவைச் சேர்ந்த ஷிகியோ சடோமுரா 1950-களில் இந்தக் கொள்கையை அல்ட்ராசவுண்டோடு சேர்த்து, துடிக்கும் இதயத்தின் அசைவுகளைக் கேட்டார். இரத்தத்தில் ஒலியைத் திருப்பி அனுப்புபவை சிவப்பணுக்கள். ஒவ்வொன்றும் 7 அல்லது 8 மைக்ரோமீட்டர்தான், ஆனால் கூட்டமாக ஓடுகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு 1540 மீட்டர். நாங்கள் அனுப்புவது 7 மெகாஹெர்ட்ஸ் ஒலி, அதாவது நொடிக்கு 70 லட்சம் அதிர்வு. சிறு தமனியில் இரத்தம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில், ஒலிக்கற்றைக்கு 60 பாகைச் சாய்வில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். திரும்பி வரும் ஒலியில் மாற்றம் சுமார் 450 ஹெர்ட்ஸ். 70 லட்சத்தில் 450! அனுப்பிய ஒலியை எந்த மனிதக் காதும் கேட்காது, ஆனால் இந்த வித்தியாசத்தை ஒலிபெருக்கியில் போட்டால் எல்லோரும் கேட்கலாம். இயங்குநர் பழகியவராக இருந்தால் திரையைப் பார்க்காமலே தமனியா சிரையா என்று சொல்லிவிடுவார்.

சாய்வு என்றேனே, அதைக் கவனியுங்கள். இரத்தம் ஒலிக்கற்றைக்குக் குறுக்காக, 90 பாகையில் ஓடினால் மாற்றம் சுழியம். குழாய் இருக்கும், இரத்தம் ஓடும், திரையில் கருப்புதான். வண்ணம் தெரியாத இடமெல்லாம் இரத்தம் இல்லாத இடம் என்று எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

புரோஸ்டேட்டை முதலில் பயனுள்ள வகையில் படம்பிடித்தவர் ஜப்பானின் ஹிரோகி வதனாபே. 1960-களின் பிற்பகுதியில் செண்டாய் நகரின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் நடந்த வேலை அது. அவர் பயன்படுத்தியது ஒரு நாற்காலி. அதன் இருக்கையில் ஒரு துளை, துளை வழியே மேலெழும் குச்சி போன்ற ஒலிக்கருவி. நோயாளி அதன்மேல் அமர வேண்டும். இன்று யாரையும் அப்படி உட்காரச் சொல்வதில்லை. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மார்புப் பக்கம் மடக்கிக்கொள்ளச் சொல்வோம். மலக்குடலுக்குள் செலுத்தும் ஒலிக்கருவியான புரோப் விரலைவிடச் சற்றுத் தடிமன், உறை போட்டு ஜெல் தடவியிருக்கும். கூச்சம் இருக்கும், வலி அநேகமாக இருக்காது. "வயித்து மேலயே பாக்கக் கூடாதா டாக்டர்?" என்று கேட்காதவர் குறைவு. பார்க்கலாம். தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு படுத்தால் சுரப்பியின் அளவும், சிறுநீர் கழித்தபின் எவ்வளவு மீதி நிற்கிறது என்பதும் நன்றாகவே தெரியும். ஆனால் வயிற்றின் வழியே சுரப்பி தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரம் போக அதிர்வெண்ணைக் குறைக்க வேண்டும், குறைத்தால் நுணுக்கம் போகும். மலக்குடலின் வழியே புரோப்புக்கும் சுரப்பிக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான். நுண்ணிய தமனிகளைப் பார்க்க வேண்டுமானால் அந்த வழிதான்.

     

1985-இல் ஜப்பானின் கசாயும் அவருடைய குழுவினரும், ஓட்டத்தின் வேகத்தையும் திசையையும் அந்தந்தக் கணத்திலேயே வண்ணமாகத் திரையில் போடும் முறையை வெளியிட்டார்கள். கலர் டாப்ளர் பரவலானது அதன் பிறகு. பள்ளிப் பாடத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம் என்று படித்தோம், அதை இங்கே கொண்டுவந்தால் எல்லாம் கெடும். திரையில் வழக்கமாகச் சிவப்பு என்றால் புரோப்பை நோக்கி வரும் ஓட்டம், நீலம் என்றால் விலகிப் போகும் ஓட்டம். ஒரே தமனி வளைந்தால் பாதி சிவப்பு, பாதி நீலம். பிறகு 1994-இல் மிச்சிகனில் ஜொனதன் ரூபினும் உடனிருந்தவர்களும் பவர் டாப்ளரைக் கொண்டுவந்தார்கள். அது வேகத்தையும் திசையையும் விட்டுவிட்டு, நகரும் இரத்தத்திலிருந்து திரும்பிவரும் சமிக்ஞையின் வலிமையை மட்டும் காட்டுகிறது. சாய்வு அதை அவ்வளவாகப் பாதிக்காது. மெல்ல ஓடும் நுண்குழாய்கள் தெரியும். புரோஸ்டேட் போன்ற மெதுவோட்ட உறுப்புக்கு அது வரப்பிரசாதம். குறை ஒன்றுண்டு: நோயாளி கொஞ்சம் அசைந்தாலும் திரை முழுக்க ஆரஞ்சு நிறம் பூத்துவிடும்.

சரி, நலமான இளைஞரின் சுரப்பியில் என்ன தெரியும்? வெளியுறையை ஒட்டி ஓரங்களில் வண்ணக் கோடுகள். அவற்றிலிருந்து உள்நோக்கிச் செல்லும் மெல்லிய சிறு கிளைகள். நடுவில் சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு வண்ணக் கொத்து. இந்த இரண்டுக்கும் இடையே வெளி மண்டலத்தில் பெரும்பாலும் சாம்பல் நிறம், ஆங்காங்கே சில புள்ளிகள். இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றுபோல். ஃப்ளாக்ஸ் வரைந்த அதே இரண்டு கூட்டங்கள், ஐம்பதாண்டுகள் கழித்து உயிருள்ள மனிதரிடம்! வெளி மண்டலம் சாம்பலாக இருப்பதால் அங்கே இரத்தமே இல்லை என்று பொருளில்லை. அங்குள்ள நுண்குழாய்கள் சில மைக்ரோமீட்டர் அளவு, எங்கள் ஒலியின் அலைநீளமோ 0.2 மில்லிமீட்டர். ஓட்டமும் மிக மெதுவானது. நாங்கள் பார்ப்பது கிளைகளை மட்டும்தான். ஊசி வழியே சிரையில் நுண்குமிழிகளைச் செலுத்திப் பார்க்கும் முறையில் அந்த நுண்குழாய்களும் ஒளிர்கின்றன, ஏனென்றால் குமிழிகள் சிவப்பணு அளவே இருப்பதால் தந்துகிகளின் ஊடாகவே போய் வருகின்றன.

எண் வேண்டும் என்பவர்களுக்கு ஓர் எண் இருக்கிறது. தடைக் குறியீடு. இதயம் சுருங்கும்போது உள்ள உச்ச வேகத்திலிருந்து, விரியும் முடிவில் உள்ள வேகத்தைக் கழித்து, அதை உச்ச வேகத்தால் வகுக்க வேண்டும். உச்சம் 15, முடிவு 5 என்றால் 10-ஐ 15-ஆல் வகுத்து 0.67. இதன் அழகு, சாய்வுக் கோணம் மேலும் கீழும் அடிபட்டுப்போவதுதான். கோணத்தைத் தவறாகக் கணித்தாலும் விகிதம் மாறாது. நலமான சுரப்பியில் இது 0.6-க்கும் 0.7-க்கும் இடையே வருகிறது. இடை மண்டலம் வீங்கி, விரியாத உறைக்குள் நெருக்கினால் இரத்தம் புகக் கடினமாகிறது, எண் ஏறுகிறது. ஒரு சிறு தமனியின் நிலையை இது நன்றாகச் சொல்லும். ஆனால் சுரப்பி முழுவதும் எவ்வளவு இரத்தம் போகிறது என்பதை இது சொல்லாது.

அதைச் சொல்லும் எண் நம்மிடம் இல்லை, சர்க்கரைக்கு இருப்பதுபோல் ஒரு வரம்பு கிடையாது. காரணம் கருவியின் குமிழ்களில் தொடங்குகிறது. திசுவின் அசைவும் டாப்ளரில் பதியும் என்பதால், மெதுவான சமிக்ஞைகளை நீக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. அதை உயர்த்தி வைப்பது, கண் பெரிய சல்லடையில் ரவையைச் சலிப்பதுபோல: தூசியோடு சேர்த்து நமக்கு வேண்டிய நொய்யும் கீழே விழுந்துவிடும். அதே நபர், அதே நிமிடம், வடிகட்டியை ஏற்றினால் சுரப்பி வெறுமை, இறக்கினால் திருவிழா. சமிக்ஞையின் பெருக்கத்தை மட்டும் கூட்டினாலும் வண்ணம் கூடும். நான் மாணவர்களுக்குச் சொல்வது: வண்ணத் துகள்கள் எங்கும் பொரியும்வரை ஏற்றுங்கள், பொரிவது மறையும் புள்ளிக்கு மெல்ல இறக்குங்கள், அங்கே நிறுத்திப் பாருங்கள். புரோப்பை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் உண்டு. சுவர் மெல்லியது, குழாய்கள் அதற்கு அடுத்தே இருக்கின்றன. கை அழுத்தினால் வெளி மண்டலத்தின் வண்ணம் அணைந்துவிடும்.

குமிழ்களைச் சரிசெய்தாலும் மனிதர் மாறிக்கொண்டே இருக்கிறார். விந்து வெளியேறிய பிறகு சுரப்பியின் ஓட்டம் கூடுகிறது என்று பவர் டாப்ளர் ஆய்வே காட்டியிருக்கிறது. இதைக் கேட்க மருத்துவருக்கும் சங்கடம், சொல்ல வந்தவருக்கும் சங்கடம், ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆண் ஹார்மோன் இல்லாவிட்டால் ஓட்டம் வடிகிறது. விதையகற்றிய எலிகளில், சுரப்பி சுருங்கத் தொடங்கும் முன்பே, ஏறக்குறைய ஒரே நாளில் இரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. வீக்கத்துக்கு ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு சாப்பிடுபவர்களிடமும் வண்ணம் குறைவாகத் தெரியலாம். மாத்திரைச் சீட்டைப் பார்க்காமல் ஸ்கேன் படத்தை மட்டும் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார். வயது ஏறினால் இடை மண்டலம் பெரிதாகும், அதனோடு அதன் குழாய்களும். அறுபது வயதில் நடுவில் வண்ணம் மிகுந்திருப்பது வியப்பில்லை.

ஆகவே "இரத்த ஓட்டம் அதிகம்" என்று எழுதிய ரிப்போர்ட்டில், அது எந்த மண்டலத்தில், ஒரு பக்கமா இரு பக்கமா, ஏதேனும் கருமையான பகுதியோடு சேர்ந்தா தனியாகவா என்று இல்லாவிட்டால், அதற்குக் காகித மதிப்புதான் என்பது என் கருத்து. சில இடங்களில் வண்ணப் படம் அச்சிட்டுக் கொடுத்தால்தான் முழுமை என்று அந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள் என்றும் தோன்றுகிறது. அழற்சி வந்தாலும் ஓட்டம் கூடும். புற்றில் கூடலாம், கூடாமலும் இருக்கலாம். வண்ணம் இல்லை என்பதை வைத்துப் புற்று இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வண்ணம் இருக்கிறது என்பதை வைத்து இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை, விரல் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., தேவையானால் பயாப்ஸி என்ற வரிசையில் டாப்ளர் ஒரு துணைதான்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. இடப்பக்கம் ஒருக்களித்துத்தான் இந்தப் பரிசோதனை என்றேன். 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, படுக்கும் நிலை வண்ணத்தை மாற்றுகிறதா என்று பார்த்தது. ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கம் உள்ள பாதியில் வண்ணம் கூடுதலாகத் தெரிந்தது. அப்படியானால் இடப்பக்கம் படுக்கவைத்துப் பார்க்கும் எங்களுக்கு, சுரப்பியின் இடப்பாதி எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே மின்னும். நோயொன்றும் இல்லாத மனிதரிடம், நாங்கள் கேட்டுக்கொண்டபடி அவர் படுத்ததால் மட்டும்!

எனவே இடப்பக்கம் மட்டும் மிகுந்து தெரிந்தால், பேனாவை எடுக்கும் முன் அவரைச் சிரமம் பாராமல் வலப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லுங்கள். சில நிமிடம் பொறுத்து, குமிழ் எதையும் தொடாமல், புரோப்பை அழுத்தாமல் மறுபடி பாருங்கள். வண்ணமும் அவரோடு பக்கம் மாறினால் ரிப்போர்ட்டில் அதையே எழுதுங்கள். மாறாமல் அதே இடத்தில் நின்றால், அந்த இடத்தை மண்டலத்தோடும் கடிகார மணியோடும் குறித்து, சிறுநீரக அறுவை மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.